குழாய்க்குள் இருந்த தோல்

காசளவு தோல்துண்டு ஒன்றால் நம் தர்மம் அழியப்போகிறது என்று, எங்கள் ஊர்க் கோயில் முன்னால் மேசைமேல் ஏறி நின்று நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். கூட்டம் நன்றாகவே கைதட்டியது. தட்டி ஓய்ந்ததும் மேசையிலிருந்து இறங்கி, கழற்றி விட்டிருந்த என் செருப்பைத் தேடினேன். ஆம்பூர்த் தோலில் அளவெடுத்துத் தைத்த செருப்பு. கூட்டத்தில் யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். என் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறாத ஒருவராவது அங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு வெயிலில் வீட்டுக்கு நடந்தபோது, தர்மத்துக்காகப் பட்ட கஷ்டங்களில் இதுவும் ஒன்று என்று பெருமையாகவே இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது. நான் உத்தியோகம் பார்த்தது தோல் மண்டியில்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிடும் கொட்டகையை மண்டி என்றுதான் சொல்வோம். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டு மிதித்து, உலர்த்திக் கட்டுக்கட்டாகப் பட்டணம் அனுப்புவார்கள். அங்கிருந்து அது கப்பலேறிச் சீமைக்குப் போகும். அந்த மண்டியில் நான் ரைட்டர். தோலைத் தொடுவது என் வேலை இல்லை, தோலைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை. என் சைவம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் திரும்பியதும் கொல்லைப்பக்கமாகப் போய்க் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பேன். அந்தக் கிணறோ மண்டிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. தோல் ஊறிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அவசரமில்லாமல் நடந்து, எங்கள் தெருக் கிணறுகளுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரவர உப்புக் கரித்தது, கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. ஆக, தோலின் தீட்டைத் தோல் ஊறிய தண்ணீரால் நான் தினம் தவறாமல் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இந்த வயதில் உட்கார்ந்து, எங்கள் ஊர் எதற்கெல்லாம் சண்டை போட்டது என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வைக்கலாமா என்று ஒரு கோடை முழுக்கச் சண்டை. குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டவன் திதி கொடுத்தால் பிதுர்களுக்கு அடையாளம் தெரியுமா என்று ஒரு சண்டை. காப்பி கள்ளுக்கு அண்ணனா தம்பியா என்று ஒரு சண்டை. கிராமபோன் பெட்டியில் பாடும் ஸ்திரீ கண்ணுக்குத் தெரியாததால் கேட்கலாம் என்று ஒரு கட்சி, கண்ணுக்குத் தெரியாததால்தான் கேட்கக்கூடாது என்று இன்னொரு கட்சி. ஒவ்வொன்றிலும் ஊர் இரண்டாகப் பிளந்தது. நிச்சயம் செய்த கல்யாணம் நின்றிருக்கிறது. அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் சண்டை இல்லை. யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, யாரும் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மழை எந்த நிமிஷத்தில் விட்டது என்று யார் பார்த்து வைக்கிறார்கள்? இன்றைக்கு விசாரித்துப் பாருங்கள், காப்பியை எதிர்த்தவர் என்று ஊரில் ஒருவர்கூட அகப்படமாட்டார். எல்லோரும் எங்கே போய்விட்டார்கள்? எங்கேயும் போகவில்லை. இங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை வைத்து அவர்களைக் கேலி செய்வது சுலபம். நான் அதைத் தொழிலாகவே வைத்திருந்திருக்கிறேன். ஆனால் வயதாக ஆக, கேலியைவிட வியப்புத்தான் மேலோங்குகிறது. அவர்கள் யாரும் நடிக்கவில்லை. கிராப்புத் தலையோடு வந்த மகனைப் பார்த்து அழுத தகப்பனின் கண்ணீர் நிஜமான கண்ணீர். அந்தக் கண்ணீர் எல்லாம் எந்த ஆற்றில் போய்க் கலந்தது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் சேனாதிபதியாக நின்ற சண்டை குழாய்ச் சண்டை.

கிணறுகள் கெட்டுப்போனதால், பாலாற்று மணலுக்குள் கிணறு எடுத்து, எஞ்சின் வைத்து இறைத்து, மேட்டில் ஒரு தொட்டி கட்டி, அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தெருத்தெருவாகத் தண்ணீர் விடுவதென்று ஊராட்சியில் முடிவு செய்தார்கள். மாட்டுவண்டிகளில் குழாய்கள் வந்து இறங்கின. எங்கள் தெரு முனையில், ஒரு கருங்கல்லுக்கு மேலே, வளைந்த மூக்கோடு ஒரு குழாயை நட்டார்கள். முதல் நாள் அதைத் திருகியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். முதலில் அது இருமியது. பிறகு சீறியது. துருப்பிடித்த செந்தண்ணீரைத் துப்பியது. அப்புறம் ஒரு கணம் மௌனமாக இருந்துவிட்டு, கண்ணாடிக் கம்பிபோலத் தண்ணீர் விழத் தொடங்கியது. ஆறு மண்ணுக்கடியில் மேடேறி எங்கள் தெருவுக்கு நடந்து வந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தம்மை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். நானும்கூடக் கும்பிட்டேன் என்றுதான் ஞாபகம்.

மறுநாள் காலையில் செய்தி பரவிவிட்டது. குழாய்க்குள்ளே தோல் இருக்கிறதாம்.

பட்டணம் போய்வந்த யாரோ சொன்னது. திருகுகிற இடத்துக்குள்ளே, தண்ணீரை அடைத்து வைக்க, வட்டமாக ஒரு தோல் வில்லை. வாஷர் என்று பெயர். எந்த மிருகத்தின் தோல் என்று யாருக்குத் தெரியும்? ஊரில் பாதிப்பேர் தோலால் சாப்பிடுகிறவர்கள். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்கு அரிசியும் துணியும் விற்றுச் சாப்பிடுகிறவர்கள். காற்று அடிக்கிற திசையைக் கண்ணை மூடிக்கொண்டு மண்டி வாசனையால் சொல்கிற ஊர் அது. அந்த ஊர், குழாய்க்குள் ஒரு வில்லைத் தோல் இருக்கிறது என்று கேட்டு மூர்ச்சையாகாத குறை.

கோயில் தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீ இங்கிலீஷும் படிச்சவன், சாஸ்திரமும் பார்த்தவன். ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுப்பா" என்றார். இருபத்தாறு வயதில் ஒருவனிடம் இப்படிச் சொல்லிவிட்டால், அவன் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவான். நான் எழுதினேன். தெருக் குழாயில் இருப்பது சிறிய தோல்தான் என்று ஏமாறாதீர்கள், ஆற்றங்கரை எஞ்சினுக்குள் யானைக் காதளவு தோல் இருக்கிறது என்று எழுதினேன். அதை நான் பார்த்ததில்லை. வாக்கியத்துக்கு அது தேவைப்பட்டது.

எதிர்க்கட்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோயிலில் கொட்டுகிற மேளம் தோல் இல்லையா என்று கேட்டார்கள். காது தண்ணீர் குடிக்காது என்று நான் பதில் எழுதினேன். ஜபத்துக்கு விரிக்கிற மான்தோல் என்ன ஆயிற்று என்றார்கள். உட்காருகிற விரிப்பையெல்லாம் குடிக்க முடியாது என்றேன். வயல் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது தோல்பையில்தானே தண்ணீர் ஏறுகிறது, அதில் விளைந்த அரிசியைத்தானே பொங்கித் தின்கிறீர்கள் என்றார்கள். அது கொஞ்சம் வலித்தது. ஒரு ராத்திரி யோசித்து, நெல் குடித்த தண்ணீருக்கு நெல்தான் பொறுப்பு என்று எழுதினேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னதிலும் முக்கால்வாசி நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். குழாய் வந்தால் காய்ச்சல் போகும், சோம்பல் போகும், அறியாமை போகும், தெருச் சண்டை போகும் என்றார்கள். குழாயடியில் கொசு வந்தது. தெருச் சண்டைக்கு வசதியான ஓர் இடம் கிடைத்தது.

பிரசங்க நாளன்று மண்டியில் விடுப்புக் கேட்கப் போனேன். எங்கள் முதலாளி ஒரு சாயபு. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா ரைட்டரே, குழாய்த் தண்ணி கூடாதுன்னு பேசப் போறீங்களாமே?"

"ஆமாங்க மொதலாளி. தோல் சம்பந்தம் இருக்குதில்ல."

"தாராளமா போங்க. நல்லா சத்தமா பேசுங்க." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "உங்க தெருக் கிணத்துத் தண்ணி ஏன் செவந்து போச்சுன்னு எவனாவது கேட்டுடுவானோன்னு நான் பயந்துட்டு இருந்தேன். நீங்க வாஷரைப் பத்திப் பேசற வரைக்கும் எனக்குப் பேஜார் கம்மி."

அவர் ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் காதில் விழவில்லை. பல வருஷம் கழித்து ஒருநாள், வேறு எதையோ நினைத்துக்கொண்டு ரயிலடியில் நின்றபோதுதான் அந்த வார்த்தைகள் முழுசாக என் காதுக்குள் வந்து சேர்ந்தன. தொட்டி தொட்டியாகத் தோல் ஊறிய தண்ணீர் எங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு மேசை இல்லை. காசளவு தோலுக்காக ஊரே திரண்டது. மனுஷப் புத்தியின் இந்தத் திறமையை நினைத்தால், மலையைப் பார்த்து நிற்பதுபோல இன்னும் வாயடைத்துத்தான் நிற்கிறேன்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "எங்களவங்க மட்டும் இன்னா ஒசத்தி? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்கள அனுப்பறது ஹராமான்னு எங்க வாப்பா காலத்துல வெட்டுக்குத்து. இப்ப அதே பள்ளிக்கூடத்துல எடம் கிடைக்கலன்னு வெட்டுக்குத்து. போங்க, போங்க. நேரமாச்சு."

பிரசங்கத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் குழாயைத் திருகவில்லை. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பாலாற்றுக்குப் போனார்கள். பாலாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாகத்தான் கிடக்கும். மணலைக் கையால் பறித்து ஊற்று தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். மார்கழியில் முழங்கை ஆழத்தில் தண்ணீர் கிடைக்கும். சித்திரையில் ஆள் உயரப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆற்றுக்குப் போனது அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவள். சின்ன வயதிலேயே விதவையாகி எங்களோடு வந்து இருந்தாள். மடி, ஆசாரம் எல்லாவற்றிலும் கண்டிப்பு. கூடியமட்டும் தான் தொட்டு எடுத்த தண்ணீரைத்தான் குடிப்பாள். நோட்டீஸ் அச்சாகி வந்த அன்று அதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கைவேலையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். "நீ படிச்சவன். நல்லா பார்த்துத்தான் எழுதியிருப்ப" என்றாள். அவ்வளவுதான். குழாயைத் தொடுவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர்கள் பல பேர். அவள் சத்தியமெல்லாம் செய்யவில்லை.

சத்தியம் செய்தவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். முதலில் பாத்திரம் கழுவ மட்டும் என்று பிடித்தார்கள். பிறகு குளிக்க மட்டும். பிறகு குழந்தைகளுக்கு மட்டும், குழந்தைகளுக்குத் தோஷம் இல்லை. பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குழாய் வந்தபோது, அதைத் தம் வீட்டு வாசலில்தான் வைக்க வேண்டும் என்று தர்மகர்த்தா மனு போட்டார். நான்? மண்டியில் ஒரு பானை வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஓர் ஆசாரம்தான். என் மனைவி எப்போது மாறினாள் என்று ஒருநாள் விசாரித்தேன். "நீங்க மேசை மேல ஏறினீங்க இல்ல, அன்னிக்குத்தான் குழாயடியில கூட்டமே இல்ல" என்றாள்.

அக்கா மட்டும் மாறவில்லை. தெருவில் அத்தனை பேரும் பத்தடி நடந்து குடம் நிறைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் விடிந்ததும் இடுப்பில் குடத்தோடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எவளாவது சிரித்தால், "என் தம்பி எழுதியிருக்கான்" என்பாளாம். என்னிடம் இதைச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

மூன்றாவது கோடை பொல்லாத கோடை. ஊற்றுகள் பாதாளத்துக்குப் போய்விட்டன. ஒருநாள் பள்ளத்திலிருந்து குடத்தோடு ஏறும்போது மணல் சரிந்து அக்கா விழுந்தாள். வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தாளோ, சலவைக்காரர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் கண்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம். தண்ணி, தண்ணி, தண்ணி. உடம்புல ஈரமே இல்லை. குடிச்சா பிழைப்பாங்க" என்றார்.

அக்கா குழாய்த் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றாள்.

முதலாளி செய்தி கேட்டு ஒரு வண்டி இளநீர் அனுப்பினார். "தேங்காய்க்குள்ள எவனும் வாஷர் வைக்கலன்னு சொல்லுங்க ரைட்டரே" என்று சொல்லியனுப்பினார். அக்கா அதைக் குடித்தாள். ஆனால் இளநீரிலேயே ஒரு கோடையைக் கடக்க முடியாது. நானே குடம் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். குடத்தைத் தோளில் வைத்துப் பார்த்தேன், இடுப்பில் வைத்துப் பார்த்தேன், தலையில் வைத்துப் பார்த்தேன். ஆற்றங்கரையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு. வீடு வந்து சேர்ந்தபோது குடத்தில் கால்வாசி தண்ணீரும் என் வேட்டியில் முக்கால்வாசியும் இருந்தன. குழாயில் பிடித்து, ஊற்றுத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நம்புவதற்காக அடியில் ஒரு சிட்டிகை ஆற்றுமணல் போட வேண்டும் என்பதுவரை யோசனை முன்னேறியது. என்னை ஒரு வார்த்தை சந்தேகிக்காத ஒருத்தியை ஏமாற்ற மணல் எதற்கு என்று தோன்றியதும் விட்டுவிட்டேன்.

எழுதிக் கெடுத்தவன் எழுதியே சரிசெய்யட்டும் என்று, புஸ்தகங்களைப் புரட்டிக்கொண்டு அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் அப்போ எழுதினது சரியில்லை. இப்போ வேற நூல்ல பார்த்தேன். ஓடற தண்ணிக்குத் தோஷமே கிடையாதுன்னு போட்டிருக்குது."

"அந்த நூல் அப்போ இல்லியா?"

"இருந்தது. நான் பார்க்கல."

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் நீ பார்க்காத நூல் எவ்ளோ இருக்குதோ. அதுல மறுபடியும் தோஷம்னு போட்டிருந்தா?"

நெல்லின்மேல் பழி போட்டு ஊரை ஜெயித்தவன், உதடு வெடித்துக் கிடந்த ஒருத்தியிடம் தோற்று, புஸ்தகங்களை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மண்டிக்கு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். தெருக்குழாய் பல நாளாகச் சொட்டிக்கொண்டிருந்ததால் அதைச் சரிசெய்யக் குழாய் வேலை பார்க்கும் பிட்டர் வந்திருந்தார். சற்றுத் தள்ளி இருந்த வால்வை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு குழாயின் தலையைக் கழற்றினார். வால்வு மூடவில்லை. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு எழுந்தது. பிட்டர் தொப்பலாக நனைந்தார். தெருப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு, குடம், தவலை, அண்டா என்று கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சத்தம் கேட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் அந்தத் தண்ணீர்த் தூண் வெள்ளியாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

எனக்கு அந்தக் கணத்தில் ஞானோதயம் பிறந்தது. ஓடிப்போய்க் கத்தினேன்.

"அக்கா! வாஷரைக் கழட்டியாச்சு! இப்போ வர்ற தண்ணிக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை! இப்பவே பிடிச்சுக் குடிச்சிடு!"

பிட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஐயா சொல்றது கரெக்ட்டும்மா. சீக்கிரம் பிடிங்க, நான் மூடணும்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆத்துல எஞ்சினுக்குள்ள யானைக் காதளவு ஒண்ணு இருக்குதுன்னு நீதானே எழுதின?"

நான் மறந்தே போயிருந்தேன். என் நோட்டீஸை அந்த ஊரில் முழுசாக ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆத்மா அவள்தான்.

"யானைக் காதெல்லாம் இல்லம்மா," என்றார் பிட்டர். "அடை அளவு இருக்கும். அதுவும் சின்ன அடை."

"இதுல இருந்தது எங்க? காட்டு."

பிட்டர் ஈரக் கையால் அதை எடுத்துக் குழாயடிக் கல்லின்மேல் வைத்தார். ஒரு பக்கம் தேய்ந்து, கறுத்து, ஓரம் பிசிறாக இருந்த ஒரு வட்டத் தோல். தெருவில் கிடந்தால் மிதித்துவிட்டுப் போவோம். அக்கா குனிந்து அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பீறிட்டு எழும் தண்ணீரைப் பார்த்தாள். மறுபடியும் தோலைப் பார்த்தாள். பிட்டர் ஓடிப்போய் அந்த வால்வைச் சரியாக மூடிவிட்டு வந்தார். தண்ணீர் அடங்கியது. அக்கா நகரவில்லை.

"மேல வர்றப்பவே பிடிச்சிருக்கலாமே அக்கா" என்றேன், அழாத குறையாக.

"திருட்டுத்தனமா குடிக்கறதுன்னா அப்பவே குடிச்சிருக்கமாட்டேனா?" என்றாள். பிட்டரிடம், "புதுசு மாட்டுப்பா" என்றாள்.

அவர் பையிலிருந்து புதுத் தோல் வில்லை ஒன்றை எடுத்தார். வெளுப்பாக, பட்டைச் சாயம் மாறாமல் இருந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அதைப் பொருத்தி, குழாய்த் தலையை மாட்டி, முறுக்கினார். வால்வைத் திறந்துவிட்டு வந்தார். அக்கா முன்னால் போனாள். தன் கையால் குழாயைத் திருகினாள். செம்பை அலம்பி, நிறைய பிடித்து, அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைத் தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி பிடித்துக் குடித்தாள். பிறகு அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிழைத்துக்கொண்டாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வாரமே எழுந்து, காப்பி கேட்டு எட்டிப் பார்த்த என்னைச் சமையல்கட்டிலிருந்து துரத்தினாள்.

அந்தக் காட்சியை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஊரெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய எல்லைக்கோட்டை, அவள் ஒருத்திதான் கண்ணைத் திறந்துகொண்டு தாண்டினாள். நாங்கள் வாஷர் இல்லை என்று பாவித்துக் குடித்தோம். அவள் வாஷரை எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்து, அதை மாட்டச் சொல்லிவிட்டுக் குடித்தாள். தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே அவள் பார்வை போய்வந்த அந்தச் சில நிமிஷங்களில், தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் யாரும் யோசிக்காத ஒன்றை அவள் யோசித்து முடித்தாள் என்பது என் தீர்மானம். நாட்டில் இன்றைக்குக் கோயில் வாசலிலும், ஓட்டல் பந்தியிலும், பள்ளிக்கூடத்துப் பலகையிலும் எத்தனையோ ஆசாரச் சண்டைகள் நடக்கின்றன. அவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் குழாயடிக் கல்லின் எதிரே குனிந்து நின்ற அந்த உருவம்தான் எனக்கு நினைவு வரும். அப்படி நின்று பார்க்க இன்னும் ஒரு பத்துப் பேர் இருந்தால் போதும் என்று தோன்றும்.

அக்காவுக்கு இப்போது அறுபது. போன மாதம், இதை எழுதுவதாகத் தீர்மானித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அன்றைக்கு அந்தத் தோலையும் தண்ணீரையும் மாறி மாறி அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாயே, உன் மனசில் என்ன ஓடிற்று? எது உன்னை மாற்றிற்று?

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா ஓடும்? தாகமா இருந்தது. கல்லுலேர்ந்து அந்தக் குழாயை இன்னும் ஒரு சாண் தூக்கி வச்சிருந்தா குடம் நேரா நிக்குமே, இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கிற மாதிரி எந்த மடையன் வச்சான்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றாள். "இன்னிக்கு வரைக்கும் எவனாவது தூக்கி வச்சானா பாரு."